ஓ என்னும் அரசர்

தமிழ்ச் சங்க மலரில் ஜப்பானிய பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா என்று வாசகர் வியக்கலாம். நம் பிள்ளைகள் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். பேஸ்பால் நமக்குப் பெயரளவில் மட்டுமே அறிமுகமான ஆட்டம். ஆயினும், பிறந்த மண்ணைவிட்டு வேறிடத்தில் வேரூன்றிய குடும்பங்களுக்கு, முன்பின் அறியாத நாட்டில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றிலும் தம் வாழ்வின் சாயல் தென்படுவதுண்டு. சதஹரு ஓ என்பவரின் வரலாறு எனக்கு அப்படித்தான் தென்பட்டது.

அவர் 22 ஆண்டுகள் ஆடி 868 ஹோம் ரன்கள் அடித்தார். தொழில்முறை பேஸ்பால் கழகங்களின் பதிவேடுகளில் இதனினும் மேலான எண்ணிக்கை வேறெவர் பெயரிலும் இல்லை. அமெரிக்காவின் பாரி பாண்ட்ஸ் 762, ஹாங்க் ஆரன் 755 என்ற அளவில் நிற்கின்றனர். ஜப்பானிய மைதானங்கள் சிறியவை, பந்து வீச்சு அமெரிக்கத் தரத்தினது அன்று என்று வாதிப்போர் உண்டு. அந்த வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. ஜப்பானில் பிறந்து, ஜப்பானின் பெருமையெனப் போற்றப்பட்ட அவர், ஜப்பானியக் குடிமகனாக இல்லாமலே அந்தப் பெருமையை எய்தினார். இந்த முரண்தான் என் சிந்தையைக் கவர்ந்தது.

ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். வீச்சாளர் எறியும் பந்து தரையில் படாமல் நேரே வருகிறது. மட்டை உருண்டையானது. அடிக்கத் தகுந்த பந்தை மூன்று முறை தவறவிட்டால் மட்டையாளர் வெளியேற வேண்டியதுதான். அடித்த பந்து களத்தின் வேலியைத் தாண்டிப் பறந்தால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது என்றாலும் அதைவிட அரியது. பத்து வாய்ப்புகளில் மூன்றில் பந்தைச் செவ்வையாக அடித்துத் தளம் சேர்பவர் சிறந்த ஆட்டக்காரர் எனக் கொள்ளப்படுவார். ஏழு தோல்விகளைச் சகித்துக்கொள்ளப் பழகியவருக்கே இந்த ஆட்டம் கைகூடும். இன்னுமொரு விதியையும் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். வீச்சாளர் நான்கு பந்துகளை அடிக்கும் எல்லைக்கு வெளியே வீசினால், மட்டையாளர் நடந்தே முதல் தளத்தை அடையலாம். வல்லவரைக் கண்டு அஞ்சும் அணிகள், ஹோம் ரன்னுக்கு இடம் கொடுப்பதைவிட இது மேல் என்று எண்ணி, வேண்டுமென்றே நான்கு பந்துகளையும் விலக்கி வீசுவதுண்டு. இந்த விதி பின்னர் நம் வரலாற்றில் ஒரு முக்கிய இடம் பெறுகிறது.

1940 மே மாதத்தில், டோக்கியோவின் சுமிதா ஆற்றை ஒட்டிய எளிய மக்கள் வாழும் பகுதியில், இரட்டைக் குழந்தைகளில் ஒருவராக ஓ பிறந்தார். உடன்பிறந்த பெண் மகவு மழலைப் பருவத்திலேயே இறந்துபோயிற்று. தந்தை, சீனாவின் செஜியாங் மாநிலத்துச் சிங்தியன் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். தாய் ஜப்பானியப் பெண்மணி. இருவரும் சேர்ந்து சீன உணவுக் கடை ஒன்றை நடத்தினர். குழந்தை பிறந்த காலத்தில் ஜப்பானியப் படைகள் சீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வீட்டின் நிலை நமக்கு ஒருவாறு விளங்கும். தந்தையின் குடும்பப் பெயரைச் சீனர் வாங் என்பர், ஜப்பானியர் ஓ என்பர். எழுத்து ஒன்றே. அதன் பொருள் அரசர்.

தந்தைக்கு ஒரு கனவு இருந்தது. இரண்டு ஆண்மக்களில் ஒருவன் மருத்துவனாக வேண்டும், மற்றவன் மின்பொறியாளனாக வேண்டும், இருவரும் சீனாவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பி அவ்வூர் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அக்கனவு. அவர் விட்டுவந்த ஊரில் மருத்துவரும் இல்லை, மின்விளக்கும் இல்லை. பிழைப்புக்காகப் புறப்பட்டவர்கள் எந்த நாட்டவராயினும் இவ்வகைக் கனவு ஒன்றைத் தம்முடன் எடுத்துச் செல்கிறார்கள். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடலாம் என்று தில்லிக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ பெரியவர்களை நாம் அறிவோம். அந்தச் சீனத் தந்தையின் கனவில் ஒரு பாதி நிறைவேறியது. மூத்த மகன் மருத்துவரானார். ஆயினும் தொழில் புரிந்தது ஜப்பானில்தான். இளையவரைப் பேஸ்பால் கவர்ந்துகொண்டது.

அவருடைய ஆட்டத்தை முதன்முதலில் திருத்தியவர் ஹிரோஷி அரகாவா. அந்நாளில் அவர் மைனிச்சி ஓரியன்ஸ் என்னும் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். சுமிதா ஆற்றங்கரைப் பூங்காவின் பக்கமாக நடந்து சென்றபோது, இயல்பில் இடக்கையனான ஒரு பள்ளிச் சிறுவன் வலக்கைக்காரர்களைப் போல் நின்று மட்டை பிடிப்பதைக் கண்டார். மாறி நின்று அடித்துப் பார் என்றார். சிறுவன் அவ்வாறே செய்தான். தற்செயலாய் அமைந்த இந்தச் சந்திப்பு எட்டாண்டுகளுக்குப் பின் பெரும்பயன் தந்தது.

வாசெதா ஜிட்சுக்யோ என்னும் உயர்நிலைப்பள்ளியில் ஓ பந்து வீச்சாளராக விளங்கினார். ஜப்பானில் பள்ளி அணிகள் கோஷியென் மைதானத்தில் மோதும் போட்டியை நாடே திரண்டு கவனிக்கும். 1957 வசந்த காலப் போட்டியில், விரல்களில் கொப்புளம் உடைந்து குருதி கசியும் நிலையிலும் தொடர்ந்து வீசித் தம் பள்ளிக்குக் கோப்பையை வென்று தந்தார். அவ்வாண்டின் கோடைப் போட்டியிலோ, கூடுதல் சுற்றுகளுக்கு நீண்ட ஓர் ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு வெற்றியடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் வீசி முடித்தார்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் தேசிய விளையாட்டு விழா நடந்தது. அதில் பங்குபெற அவருடைய பள்ளி தகுதி பெற்றிருந்தது. ஆனால் ஜப்பானியக் குடிமக்கள் மட்டுமே அவ்விழாவில் ஆடலாம் என்பது விதி. ஓ சட்டப்படி சீனக் குடியரசைச் சேர்ந்தவர். எனவே அணியின் முதன்மை வீரர் அந்த விழாவில் ஆட இயலாமற் போயிற்று. அந்நாளைய ஜப்பானியச் சட்டம் குடியுரிமையைத் தந்தை வழியாகவே கணக்கிட்டது. தாய் வழியிலும் குடியுரிமை செல்லும் என்று சட்டம் திருத்தப்பட்டது 1984இல்தான். டோக்கியோவில் பிறந்து, ஜப்பானிய மொழி பேசி, ஜப்பானியப் பள்ளியில் படித்த அந்தப் பதினேழு வயது இளைஞனுக்கு, தான் அயலான் என்பதை ஒரு விதிப்புத்தகம் எடுத்துச் சொல்லிற்று. அவ்விதியை எதிர்த்து அவர் வழக்காடவில்லை. மனம் கசந்து ஆட்டத்தை விட்டுவிடவும் இல்லை. பணிவா, இயலாமையா, இரண்டும் கலந்ததா என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. அவர் மறுபடியும் பயிற்சிக்குச் சென்றார் என்பது மட்டும் உறுதி.

1959இல் யோமியூரி ஜயன்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வீச்சாளராகச் சேர்ந்தவரை விரைவில் முதல் தளக் காவலராகவும் மட்டையாளராகவும் மாற்றினர். தொடக்கம் பரிதாபமானது. முதல் 26 வாய்ப்புகளில் ஒரு வெற்றியடிகூட இல்லை. ஒருவாறு வந்த முதல் வெற்றியடியோ ஹோம் ரன்னாக அமைந்தது. முதல் ஆண்டின் முடிவில் அடித்த ஹோம் ரன்கள் 7, பந்தைத் தவறவிட்டு வெளியேறியது 72 முறை. பெயர் அரசர் என்பதால், தவறவிடுவதில் அரசர் என்று ரசிகர்கள் அவரைக் கூவிக் கேலி செய்தனர். அடுத்த இரண்டாண்டுகளிலும் அடித்தவை 17, 13 என்ற அளவில்தான் இருந்தன.

1962இல் அரகாவா ஜயன்ட்ஸ் அணியின் மட்டைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். ஓவின் குறை எதில் இருக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். பந்து வந்துகொண்டிருக்கும்போதே ஓவின் கைகள் ஒரு முறை பின்னிழுத்துத் தயங்கும், இடுப்பு முன்கூட்டியே திரும்பிவிடும். வாயால் சொல்லித் திருத்த முடியாத இந்தப் பழக்கத்தை நிற்கும் நிலையை மாற்றித் திருத்தலாம் என்று அவர் கருதினார். முன்காலை உயரத் தூக்கி ஒற்றைக் காலில் நின்றால், உடலின் எடை முழுவதும் பின்காலில் தங்கும். கைகள் அலைபாய இடமிருக்காது. 1962 ஜூலை முதல் நாள் கவாசாகி மைதானத்தில் ஓ ஒற்றைக் காலில் நின்று ஆடினார். அன்று ஒரு ஹோம் ரன் உட்பட மூன்று வெற்றியடிகள். அவ்வாண்டின் முடிவில் 38 ஹோம் ரன்களுடன் தம் கழகத்தில் முதலிடம் பெற்றார்.

ஒற்றைக் காலில் நிற்பது புகைப்படத்துக்கு அழகு. ஆயினும் விரைந்து வரும் பந்துக்கு முன் அப்படி நிலைகுலையாமல் நிற்பது எளிதன்று. அதற்காக அரகாவா அவரை ஐகிடோ என்னும் தற்காப்புக் கலையை வகுத்த மொரிஹெய் உயேஷிபாவின் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். எதிரியின் வலிமையை எதிர்த்து முட்டாமல், அவன் வரும் வேகத்தையே தனக்குத் துணையாக்கிக்கொள்வது அக்கலையின் அடிப்படை. கூரையிலிருந்து ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு ஜப்பானிய வாளால் வெட்டும் பயிற்சியும் நடந்தது. வாளைக் கொண்டுசெல்லும் கோணம் சற்றே பிசகினாலும் காகிதம் விலகிப்போகும், வெட்டுப்படாது. இரவு நேரங்களில், ஆட்டங்களுக்குப் பின்னும், அறையில் விரித்த பாய்கள் தேயும் அளவுக்கு அவர் நின்றும் சுழன்றும் பழகினார். தம் தன்வரலாற்றை டேவிட் ஃபால்க்னர் என்பவருடன் சேர்ந்து 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, ஹோம் ரன் கணக்கைவிட இந்தப் பயிற்சியையும் தம் ஆசிரியரையும் பற்றியே மிகுதியாகப் பேசினார். தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் எனக்குக் கிடைத்த அந்நூலின் பழைய பிரதியே இக்கட்டுரைக்கு வித்து. நம் நாட்டியக் குருவும் மாணவியும், வித்துவானும் சீடனும் எப்படி வாழ்ந்தார்களோ அப்படி இருவர் ஜப்பானில் பேஸ்பால் மட்டையை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

அதன்பின் வந்த ஆண்டுகளின் கணக்கு வியப்பூட்டுவது. 1962 முதல் 1980 வரை தொடர்ந்து 19 ஆண்டுகள், ஆண்டுக்கு 30 ஹோம் ரன்களுக்குக் குறையவில்லை. 15 ஆண்டுகள் கழகத்தில் முதலிடம். அவற்றுள் 13 ஆண்டுகள் இடையறாது வந்தவை. 9 முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது. 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சராசரி, ஹோம் ரன், தம் அடியால் அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்று மும்முடி சூடினார். 1965 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டுகள் ஜயன்ட்ஸ் அணி தொடர்ந்து தேசியக் கோப்பையை வென்றது. அவ்வணியின் இரு தூண்களில் ஒருவர் ஓ, மற்றவர் ஷிகேயோ நகாஷிமா. 2025இல் மறைந்த நகாஷிமாவே மக்களின் செல்லப்பிள்ளை. அவர் ஆடினால் களம் களைகட்டும். ஓவோ அமைதியானவர். ஹோம் ரன் அடித்தபின் துள்ளிக் குதிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. இளமையில் ஒரு முறை வெற்றிக் களிப்பில் துள்ளியபோது, தோற்றவன் மனத்தை நினைத்துப்பார் என்று அண்ணன் கண்டித்தாராம். நகாஷிமாவுக்குக் கிடைத்த அன்பு ஓவுக்குக் கிடைக்காமைக்கு இனமே காரணம் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. இயல்பு வேறுபாடே அதற்குப் போதிய காரணம்.

1964இல் ஓ 140 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 55 ஹோம் ரன்கள் அடித்தார். அவர் அடிகள் பெரும்பாலும் களத்தின் வலப்பக்கமே செல்கின்றன என்று கணக்கிட்டு, ஹிரோஷிமா அணி ஆறு ஆட்களை அந்தப் பக்கமாக நிறுத்திப் பார்த்தது. காலியாகக் கிடந்த இடப்பக்கம் தட்டிவிட்டு எளிதாகத் தளம் சேர்ந்திருக்கலாம். ஓ தம் பாணியை மாற்றவில்லை. வேலிக்கு மேலே பறக்கும் பந்தைத் தடுக்க ஆறு பேர் நின்றாலும் பயனில்லை. அத்தகையவரைக் கண்டு வீச்சாளர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. வேண்டுமென்றே நான்கு பந்துகளை விலக்கி வீசி அவரை 427 முறை நடக்க வைத்தனர். கைக்கெட்டாத பந்தை நோக்கி நிற்கும் ஆட்டக்காரரின் ஏமாற்றத்தை ஓவைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது.

1974 நவம்பரில் ஹாங்க் ஆரன் டோக்கியோ வந்து கோராகுவென் மைதானத்தில் அவருடன் ஹோம் ரன் போட்டி ஆடினார். ஆரன் 10, ஓ 9. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஆரன், பேப் ரூத் அடித்த 714 என்ற எண்ணிக்கையைக் கடந்திருந்தார். கறுப்பர் ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவதா என்று வெறுப்பைக் கக்கும் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் அவருக்கு வந்து குவிந்திருந்தன. பிறந்த நாட்டிலேயே முழு உரிமையுடன் ஏற்கப்படாமையின் வலியை அறிந்த இருவர் அந்தக் களத்தில் எதிரெதிரே நின்றனர். அவர்களிடையே நெடுநாள் நட்பு மலர்ந்ததில் வியப்பென்ன?

1977 செப்டம்பர் 3ஆம் நாள், அதே மைதானத்தில் ஓ தம் 756ஆவது ஹோம் ரன்னை அடித்து ஆரனின் எண்ணிக்கையைக் கடந்தார். நூடுல்ஸ் கடை நடத்திய பெற்றோர் களத்துக்கு வந்து மகன் அருகில் நின்றனர். இரண்டு நாட்களில் பிரதமர் தகேயோ ஃபுக்குதா, புதிதாக நிறுவிய தேசமக்கள் கௌரவ விருதை முதன்முதலாக அவருக்கு வழங்கினார். விருதின் ஜப்பானியப் பெயரில் வரும் கொகுமின் என்ற சொல் நாட்டின் மக்களைக் குறிப்பது. அதைப் பெற்றவரிடம் அந்த நாட்டின் கடவுச்சீட்டு இல்லை. அவர் வைத்திருந்தது தைவானில் இயங்கும் சீனக் குடியரசின் கடவுச்சீட்டு. ஜப்பான் 1972இல் பெய்ஜிங் அரசை ஏற்று, தைவானுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டிருந்தது. மேலும், தந்தை பிறந்ததும் தைவானில் அன்று, பெருநிலச் சீனாவில். தாமும் தம் தந்தையும் பிறவாத ஒரு தீவின் அரசு தந்த தாளைச் சுமந்துகொண்டு, தாம் பிறந்த நாட்டின் தலைசிறந்த விருதை அவர் பெற்றார். பின்னாளில் ஜப்பானியக் குடியுரிமை பெற அவருக்குத் தடை ஏதும் இருந்திருக்காது. ஆயினும் எண்பது வயது கடந்த பின்னும் தந்தையின் தேசியத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இதைப் படித்தபோது என் மனம் நம் வீடுகளின் பக்கம் திரும்பிற்று. இந்தியாவுக்குள் இடம் பெயர்ந்த நமக்குக் குடியுரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் ஊர் எது என்ற கேள்வி உண்டு. தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகளை இங்குள்ளோர் மதராசி என்பர். கும்பகோணத்துக்குப் போனால் அங்குள்ள உறவினர் அவளைத் தில்லிப் பெண் என்பர். இரண்டுமே அன்பாகச் சொல்லப்படுபவைதாம். ஆயினும் இரண்டு இடத்திலும் அவள் விருந்தாளியாகிவிடுகிறாள். ஓவிடம் நான் கண்ட தெளிவு, இரண்டில் ஒன்றைத் துறந்தால்தான் மற்றது நமதாகும் என்று அவர் கருதாமைதான். தந்தையின் தேசியத்தையும் வைத்துக்கொண்டார், தாயின் நாட்டுக்கும் உழைத்தார்.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தலாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். ஒரு பெரியவரைப் புகழும்போது இதை விட்டுவிடுவது எளிது. விட்டுவிட்டால் கட்டுரையின் பயனும் போய்விடும்.

1980இல், அவ்வாண்டு 30 ஹோம் ரன்கள் அடித்திருந்தும், இனித் தம் தரத்துக்கு ஆட இயலவில்லை என்று கூறி ஓ ஓய்வு பெற்றார். 1984இல் ஜயன்ட்ஸ் அணியின் மேலாளரானார். மறு ஆண்டு, ஹன்ஷின் அணியில் ஆடிய ராண்டி பாஸ் என்னும் அமெரிக்கர் 54 ஹோம் ரன்கள் அடித்துவிட்டார். ஓவின் 55 என்ற சாதனையைத் தொட ஒன்று போதும். இறுதி ஆட்டங்கள் ஓவின் அணியுடன். ஜயன்ட்ஸ் வீச்சாளர்கள் பாஸுக்கு அடிக்கத் தகுந்த பந்தையே அனேகமாக வீசவில்லை. மீண்டும் மீண்டும் அவரை நடக்க வைத்தனர். 54உடன் பருவம் முடிந்தது. 2001இல் கின்டெட்சு அணியின் டஃபி ரோட்ஸ் என்னும் அமெரிக்கர் 55ஐ எட்டிவிட்டார். அப்போது ஓ டாயெய் ஹாக்ஸ் அணியின் மேலாளர். அந்த அணியுடன் ஆட்டம் வந்தபோது ரோட்ஸுக்கும் அதே கதி. ஓவின் சாதனையை வெளிநாட்டவர் ஒருவர் முறியடிப்பதைக் காண விரும்பவில்லை என்று ஹாக்ஸ் அணியின் பயிற்சியாளர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். இது நேர்மையான ஆட்டத்துக்கு ஒவ்வாது என்று கழகங்களின் ஆணையர் கண்டித்தார். 2002இல் வெனிசுவேலா நாட்டு அலெக்ஸ் கப்ரேராவும் 55இல் நின்றுவிட்டார்.

ஓ இவ்வாறு செய்யும்படி கட்டளையிட்டார் என்று எவரும் நிறுவியதில்லை. இன்னொருவர் பெருமைக்காகப் பிறர் தாமே முன்வந்து செய்யும் அநீதிகள் உலகில் பலவுண்டு. ஆனால், கூடாது, நேரே வீசுங்கள் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் கேளாத வீச்சாளர் அந்த அணிகளில் இருந்திருப்பாரா? 1957இல் அயலார் என்று சொல்லி யாரை வெளியே நிறுத்தினார்களோ, அவருடைய பெயரைச் சொல்லியே மற்ற அயலார்களை வெளியே நிறுத்தினார்கள். இந்த அவலத்தை அவர் உணராதிருக்க முடியாது. உணர்ந்தும் பேசாதிருந்தார் என்றே நான் கொள்கிறேன். அவருடைய ஒழுங்கும் அடக்கமும் எனக்குப் பெரியவை. இந்த மௌனம் அவற்றின் நிழல் போலும். எதிர்த்துப் பேசாமல் உழைத்து இடம் பெற்றவர்கள், இடம் பெற்றபின்பும் பேசாதிருந்துவிடுவது உண்டு. தமக்கு நேர்ந்ததைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை. அதுவே பிறர்க்கு நேரும்போது பொறுத்துக்கொள்வது அப்பெயர் பெறாது.

இந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த குரல்களைக் காதால் கேட்டவர்கள் இம்மலரின் வாசகரிடையே இருப்பார்கள். அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. இன்று தமிழ்நாட்டுக்கே பிழைப்புத் தேடி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். கட்டடம் கட்டுகிறார்கள், உணவு விடுதிகளில் இலை எடுக்கிறார்கள். அவர்களைப் பற்றி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாமே என்னென்ன சொல்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது. நேற்று வாசலில் நின்றவர் இன்று வாசற்காவலர் ஆவது மனித இயற்கை. அதிலிருந்து தப்புவதற்குத்தான் நினைவாற்றல் நமக்குத் தரப்பட்டிருக்கிறது.

மேலாளராக ஓ பெற்றவை இன்பமும் துன்பமும் கலந்தவை. 1995இல் ஃபுகுவோகா நகரின் ஹாக்ஸ் அணியை ஏற்றார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1996இல் சினங்கொண்ட ரசிகர்கள் அணியின் பேருந்தின்மேல் முட்டைகளை வீசினர். அதே அணி 1999இலும் 2003இலும் தேசியக் கோப்பையை வென்றது. 2006 மார்ச்சில் முதல் உலக பேஸ்பால் போட்டி நடந்தபோது, ஜப்பானிய தேசிய அணியை வழிநடத்தும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. இடையே மூன்று ஆட்டங்களில் தோற்றும், இறுதி ஆட்டத்தில் கியூபாவை 10க்கு 6 என்று வென்று ஜப்பான் கோப்பையைப் பெற்றது. பள்ளிப் பருவத்தில் தேசிய விழாவில் ஆடத் தகுதியில்லை எனப்பட்டவர், 65ஆம் வயதில் அந்தத் தேசத்தின் அணிக்கே தலைமை தாங்கினார். அவ்வாண்டு ஜூலையில் புற்றுநோய்க்காக இரைப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. மீண்டு வந்து 2008 வரை பணியாற்றினார்.

55 என்ற எண்ணுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது? 2013இல் யாகுல்ட் அணியின் விளாடிமிர் பாலென்டின், கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவைச் சேர்ந்தவர், அதைக் கடந்து 60 வரை சென்றார். இம்முறை வீச்சாளர்கள் அவருக்குப் பந்து வீசினார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஜப்பானிய ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். 2022இல் அதே அணியின் முனெதகா முரகாமி 56 அடித்தபோது, ஜப்பானிய ஆட்டக்காரர்களில் இதுவே மிகுதி என்று பத்திரிகைகள் எழுதின. அப்படியாயின் அதுவரை அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் ஓ. கடவுச்சீட்டு எதுவாயினும், மக்கள் தம் கணக்கில் அவரைத் தம்மவராகவே எழுதிவைத்திருந்தனர். அரசின் பதிவேடு ஒன்று, மக்களின் பதிவேடு மற்றொன்று என்பது இதனால் விளங்குகிறது.

ஹோம் ரன் கணக்கைவிட நெடிது நிற்கக்கூடிய வேறொன்றையும் அவர் விட்டுச் செல்கிறார். 1990இல் அவரும் ஹாங்க் ஆரனும் சேர்ந்து உலகச் சிறுவர் பேஸ்பால் விழாவைத் தொடங்கினர். பல நாட்டுச் சிறுவர் சிறுமியர் ஒன்றுகூடி, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையிலும், கலந்து பழகி ஆடக் கற்பது அதன் நோக்கம். 2021இல் ஆரன் மறைந்தார். பள்ளி நாளில் ஓவுக்கு மறுக்கப்பட்டது இதுதான் அல்லவா? எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஒரு சிறுவனை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது. 1985இலும் 2001இலும் வாய் திறந்து சொல்லாததை அவர் இந்த விழாவின் வழியே சொன்னார் என்று கொள்ள எனக்கு ஆசை. அது முற்றும் ஈடாகுமா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

அந்தச் சீனத் தந்தையின் கனவை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். மக்கள் இருவரும் சிங்தியனுக்குத் திரும்பித் தொண்டாற்றவில்லை. ஒருவர் டோக்கியோவின் நோயாளிகளைக் கவனித்தார். மற்றவர் ஜப்பானின் இரண்டு தலைமுறைச் சிறுவர்களுக்கு ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொடுத்தார். ஊருக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் இருந்த இடத்தில் செய்தார்கள். நம் பிள்ளைகளுள் பலரும் திரும்பப் போவதில்லை. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. பிழைக்க வந்த ஊருக்கு நல்லதைச் செய்தார்களா, தமக்குப் பின்னால் வந்தவருக்கு வழிவிட்டார்களா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர்களிடம் விட்டுச் சென்றால் போதும்.